சுவர் காய்ந்து நாளாகிவிட்டது

தம்பி, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவர் காய்ந்துவிட்டது. காய்ந்து நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போனில் ‘என்னம்மா, சுவரு காஞ்சிடுச்சா?’ என்று கேட்பாய். நானும் ‘எங்கப்பா, கையை வச்சா இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு’ என்பேன். ஜில்லென்று இருந்தது என் கை. சுவர் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அனுப்புவதையெல்லாம் நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று கவிதா சொல்லிவிட்டாள். உன் மனைவிக்கு என்னிடம் எதையும் மறைக்கத் தெரியவில்லை, பாவம். அந்த வேகத்தில் என் குரல் எலி கீச்சிடுவது மாதிரி கேட்குமாமே. கடிதத்தை வேகமாக ஓடவிட முடியாது, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால்தான் நீ சட்டைப் பொத்தானையே சரியாகப் போடுகிற ஆள். தவிர, இந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இதே பேச்சுதான் ஓடுகிறது. பிள்ளை ஓர் ஊரில், சாவி ஓர் ஊரில்.

கார்த்திகை மழையில் காரை பெயர்ந்து விழுந்ததை வீடியோவில் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘சுவரை மட்டும் சரிபண்ணிடலாம்மா. காஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. இனிமே அங்க தனியா வேணாம்.’ நான் சரி என்றேன். ஆக, சுவர் காய்கிற நாள்தான் நானும் அப்பாவும் திருக்காட்டுப்பள்ளியை விட்டுக் கிளம்புகிற நாள் என்று முடிவாகிவிட்டது. அப்படி ஒரு கெடு வைத்தால் எந்தச் சுவர் சீக்கிரம் காயும், நீயே சொல்.

அந்தச் சுவர் எப்படி விழுந்தது என்பதை மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு நீ வந்தாய். புதுக் கார் வந்தது, காருக்குள் கட்டில் அகலத்துக்கு ஒரு டிவி வந்தது. கார் வந்தது, காரை போனது. அப்பாவின் அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருப்பது செங்கல் சுவர் இல்லை என்று அப்போதே சொன்னேன். உன் தாத்தா கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்து அறை ஆக்கியபோது, அடியில் அஸ்திவாரம் கிடையாது என்பதால் கனமாக எதையும் ஏற்றவில்லை. மரச்சட்டம் நிறுத்தி, குறுக்கே மூங்கில் பிளாச்சுகளை விரல் நுழைகிற இடைவெளி விட்டு வரிசையாக ஆணி அடித்து, இரண்டு பக்கமும் வைக்கோல் கலந்த மண்ணை அப்பி, அதன்மேல் சுண்ணாம்பு பூசிய சுவர் அது. நீ கேட்கவில்லை. ‘இது நல்ல பிட்டும்மா, எந்தச் சுவரையும் போடும்’ என்று டிவியை மாட்டத் துளை போடுகிற மிஷினை எடுத்துவிட்டாய். நீ அந்தப் பக்கம் துளை போட்டாய், இந்தப் பக்கம் அடுக்களையில் கடுகு டப்பா தானாக நடந்து வந்து விளிம்பில் நின்று யோசித்தது. நான் தடுக்க ஓடிவந்தேன். அப்பாதான் கையைக் காட்டினார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும், அவர் கண்டக்டராகப் போன பஸ்ஸிலிருந்து வயசானவர்கள் இறங்குகிற மாதிரி. ‘விடு... பிள்ளை... ஆசையா’ என்றார். விட்டேன்.

டிவி அழகாக இருந்தது, அதை மறுக்கவில்லை. அப்பா அதில் உலகத்து மீனையெல்லாம் பார்த்தார். மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம் ஏறியது. ஒருநாள் காலையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, டிவி தொங்குகிற பக்கம் அப்படியே நிற்க, அடுக்களைப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்குக் காரை மொத்தமாகக் கழன்று விழுந்தது. பாதி தரையில், பாதி சாம்பாரில். யாருக்கும் அடி இல்லை. நான் அப்பாவிடம் போய், ‘இன்னைக்கு சாம்பார்ல உப்பு சரியா இருக்கு, சுண்ணாம்புதான் தூக்கல்’ என்றேன். அவர் சிரித்தார். நீ வீடியோவில் பார்த்தபோது சிரிக்கவில்லை. உன் முகம் போன போக்கைப் பார்த்து, உன் மிஷின்தான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய வீடு, மழை என்று பூசி மெழுகிவிட்டேன். அன்றைக்கு வீட்டில் நடந்த முதல் பூச்சு வேலை அதுதான்.

அப்புறம் முருகையன் வந்தார். கொத்தனார். பேச்சுக்கு இடையில் மூச்சு விடுகிற ஆள். ‘யம்மா, இதெல்லாம் எந்தக் காலத்து வேலை. சிமிட்டிய அடிச்சா கல்லு மாதிரி நிக்கும்’ என்று கலந்து அடித்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் அது, எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை நழுவுகிற மாதிரி நழுவித் தரைக்கு வந்துவிட்டது. தலையைச் சொறிந்தார். ‘ஏம்மா, இந்தச் சுவரு நம்மள மதிக்க மாட்டேங்குதே.’ யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். மறுநாள் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கடுக்காயுமாக வந்து நின்று, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி எனக்குப் பாடம் நடத்தினார். ‘சாந்தை அழுத்தி அப்புனா, பிளாச்சு இடுக்கால உள்ள பிதுங்கி மடங்கிக்கும்மா. அந்த மடங்கல்தான் புடி. சென்னைத் தம்பி மிஷினை வச்சு ஆட்டுனாருல்ல, புடி பூரா உள்ளார முறிஞ்சுபோச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. நின்னுக்கிட்டேதான் இருக்கும்.’

மிச்சம் இருக்கிற இடத்தில் எது பிடியோடு இருக்கிறது, எது வெறுமனே நிற்கிறது என்று கண்டுபிடிக்க விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டுமாம். அடுக்களைப் பக்கம் நின்று ஒரு தட்டு தட்டினார். உடனே சுவருக்குள்ளிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது. மனுஷன் சாந்துச் சட்டியில் கால் வைத்துவிட்டார்.

‘யம்மா, உள்ள யாரு?’

‘கண்டக்டர்.’

‘என்னவாம்?’

‘ஒரு விசில்னா வண்டிய நிறுத்தணும்ல. நீங்க ஒரு தட்டு தட்டுனீங்க, அவரு நிறுத்திட்டு என்னான்னு கேக்குறாரு.’

‘இப்ப நான் என்ன பண்ண?’

‘ரெண்டு தட்டு தட்டுங்க. ரைட் குடுத்தா போயிடும்.’

முருகையன் பயபக்தியோடு இரண்டு தட்டு தட்டினார். அறைக்குள் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவருடைய சிரிப்பு மட்டும் பக்கவாதத்துக்கு அகப்படாமல் தப்பித்துக்கொண்டது.

இந்தத் தட்டுக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். சின்னப் பிள்ளையில் நீ நடுவில் புகுந்து மூன்று தட்டு தட்டி எங்கள் இருவரையும் குழப்புவாய். அது விளையாட்டு என்றுதான் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆரம்பித்ததும் விளையாட்டுதான். கல்யாணமான புதிதில், தஞ்சாவூர் வண்டியில் டூட்டிக்குக் கிளம்பிய அப்பாவின் பையிலிருந்து விசிலை எடுத்து ஊறுகாய் ஜாடிக்குள் போட்டுவிட்டேன். புது மாட்டுப்பெண் செய்கிற வேலையா அது என்று கேட்காதே. அப்போது எனக்கு அப்படித்தான் கை அரிக்கும், இப்போதும் அரிக்கிறது. அவர் பாதி வழியில்தான் பையைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு முழுக்க வண்டியின் தகரத்தை விரல் முட்டியால் தட்டியே ஓட்டினாராம், நிறுத்த ஒன்று, போக இரண்டு. சாயங்காலம் வந்தார். நான் அடுக்களையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். திட்டு வரும் என்று பார்த்தால், அறைக்குள்ளிருந்து அந்தச் சுவரில் ஒரு தட்டு. கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. அவ்வளவுதான். அன்றைய சண்டை அதோடு முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் பெரிய சண்டைகளிலும் யாராவது ஒருவர் ஒரு தட்டு தட்டினால் அடுத்தவர் வாயை மூட வேண்டும் என்பது சட்டம். மனைவியோடு சண்டை வந்தால் இப்படிச் செய், அப்படிச் செய் என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கவிதா மூன்று தடவை கூப்பிட்டும் நீ காதில் அந்த வெள்ளைக் குமிழை மாட்டிக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவள் நாலாவது தடவை கூப்பிடவில்லை. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

விளையாட்டு எப்போது விளையாட்டாக இல்லாமல் போனது என்றால், பக்கவாதத்துக்குப் பிறகு. அப்பாவால் உரக்கக் கூப்பிட முடியாது. குரல் வாசலைத் தாண்டாது. ஆனால் வலது கை விரல் முட்டி நன்றாக இருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால், எழுந்திருக்க வேண்டுமென்றால் ஒரு தட்டு. நான் அடுக்களையிலிருந்து திருப்பி ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவேன். அந்தப் பதில் தட்டு கேட்டுவிட்டால் அவர் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். ஒன்றும் வேண்டாம், சும்மா இருக்கிறேன், நீ பாட்டுக்கு வேலையைப் பார் என்றால் இரண்டு. மெல்லிய சுவர் என்று நீ திட்டிய சுவர்தான் அது. மெல்லியதாக இருந்ததால்தான் கேட்டது.

இப்போது, போன சித்திரையில் உன் வீட்டுக்கு வந்திருந்தோமே, அந்தக் கதைக்கு வருகிறேன். நீ ஆபீஸில் இருந்தாய். நானும் கவிதாவும் அடுக்களையில் இருந்தோம். மிக்ஸி ஓடியது, புகை இழுக்கிற விசிறி ஓடியது. திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். வாட்ச்மேன்தான் இரண்டு மாடி கீழே மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை அழைத்து வந்தார். நீ சாயங்காலம் வந்து கத்தினாய். ‘என்னப்பா இது, யாருகிட்டயும் சொல்லாம எங்க கிளம்பிட்டீங்க? ஏதாச்சும் வேணும்னா கூப்பிட வேண்டியதுதானே?’ அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீ பயத்தில் கத்தினாய் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அன்று அவருக்குச் சாதம் போடும்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விரல் முட்டித் தோல் உரிந்து சிவந்திருந்தது. கூப்பிட்டிருக்கிறார், தம்பி. உன் வீட்டுக் கான்கிரீட் சுவரில் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். பதில் வராததால் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து, என்னைத் தேடிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு வலிக்கும் என்று சொல்லவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு பூச்சுதான். உள்ளே இருந்தது வேறு. அவர் ஏன் இறங்கினார் என்று நீ கேட்காமல் விட்டதற்குத் தண்டனையாக உனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று ஒரு கெட்ட எண்ணம் இருந்தது.

அதனால்தான் சுவர் காயக் கூடாது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். என் லீலைகளைக் கேள். சுண்ணாம்புப் பூச்சு வெடிக்காமல் இருக்க ஈரம் காட்டி மெதுவாகக் காயவிட வேண்டும் என்று முருகையன் சொன்னார். சொம்பில் தெளிக்கச் சொன்னதைக் குடத்தில் ஊற்றினேன். ‘என்னம்மா, சுவருல நாத்து விடப்போறீங்களா?’ என்று கேட்டார். வாழ்க்கையில் பஞ்சாங்கத்தைப் புரட்டாத நான், வாரத்துக்கு ஒரு கரிநாள் கண்டுபிடித்தேன். கண்டக்டருக்குச் சந்திராஷ்டமம், கட்டிலை நகர்த்தக் கூடாது என்றேன். முருகையன் சாந்து பூசுகிற கரணையை எடுத்து அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்தேன். இத்தனைக்கும் மேலே அவர் ஒரு வழியாகக் கடைசிப் பூச்சை முடித்து, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று தேய்த்துவிட்டுப் போனால், மறுநாள் அவர் வருவதற்குள் தோசைத் திருப்பியால் ஓரத்தில் ஒரு சுரண்டு. அவர் குனிந்து பார்த்தார். ‘எலிதான்மா. ஆனா இந்த எலிக்குப் பல்லு ஒரே சீரா இருக்கே.’ என் முகத்தைப் பார்த்தார், நான் எலி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் மறுபடி பூசினார். நான் மறுபடி சுரண்டினேன். நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், நான் ஜில்லென்று இருக்கிறது என்றேன்.

சிரித்துவிட்டாயா? சிரித்திருந்தால் நிறுத்திக்கொள். இனிமேல் சொல்வது நீ கேட்டால் அன்றைக்கே கிளம்பி வந்து எங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவாய் என்று மறைத்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள். அன்றைக்கும் கரிநாள் என்று சொல்லி முருகையனை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கொல்லைப் பக்கம் பக்கெட்டை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் பிளம்பர் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கேட்டது. ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்து, சுவரில் சாய்ந்தபடி கிடந்தார். தலையில் அடி இல்லை, எலும்பும் முறியவில்லை, அது அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆனால் என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துப் பார்த்தேன், புடவையை இடுப்பில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். என் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது, நானும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் உள்ளே இருந்தது. கீரைக்காரம்மா போய்விட்டாள். கத்தினேன், அக்கம்பக்கம் எல்லாரும் அறுவடைக்கு மெஷின் வந்த வயலில். இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். ‘வண்டி பிரேக் டவுன்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவர் சிரிக்காத முதல் தடவை அது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் முருகையன் வந்தார். கரிநாள் என்று வீட்டில் இருந்தவர், கரணை எங்கே போயிற்றென்று தேடிக்கொண்டு வந்திருந்தார். அவர்தான் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் விட்டார். நான் வரச்சொல்லியிருந்தால் அவர் காலையிலேயே வீட்டில் இருந்திருப்பார், நாங்கள் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் கரணையை ஒளிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் வந்திருக்கவே மாட்டார். இந்தக் கணக்கை நான் எப்படிப் போட்டாலும் விடை வரவில்லை. அரிசி டின்னுக்கு அடியிலிருந்து கரணையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ‘உங்க மகனுக்குத் தெரியுமாம்மா?’ என்று மட்டும் கேட்டார். கரணையைக் கேட்டாரா, கீழே விழுந்ததைக் கேட்டாரா என்று நான் விளக்கம் கேட்கவில்லை. இரண்டும் தெரியாது.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் பிடிவாதமாகத்தான் சுரண்டினேன். அங்கே போனால் அவர் தட்டுவது யாருக்கும் கேட்காது, இங்கே எனக்காவது கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வாரம் காலையில், அப்பா டிவி பார்க்கிறார் என்று நினைத்து, குனிந்து மூலையில் கை வைத்தேன். பின்னால் செருப்பு இழுபடுகிற சத்தம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘எலி’ என்றார்.

‘என்னங்க, அது வந்து...’

‘தெரியும். முதல்லேர்ந்து.’

எனக்குக் கோபம் வந்துவிட்டது, மாட்டிக்கொண்டால் வருமே, அந்தக் கோபம். ‘எல்லாம் உங்களுக்காகத்தான் செய்யுறேன். அங்க போயி மறுபடி கையை உரிச்சுக்கிட்டு மாடிப்படியில நிக்கணுமா நீங்க?’

அவர் ஒவ்வொரு வார்த்தையாக இறக்கினார். ‘எனக்காக... இல்ல. உனக்கு... போக இஷ்டமில்ல.’

வார்த்தை வராத ஆள் அன்றைக்கு நான்தான். உண்மைதான் தம்பி, எனக்குத்தான் இஷ்டமில்லை. உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கவிதா தங்கம். ஆனால் அங்கே எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சிரிக்கும்போது பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்குமா என்று பார்த்துச் சிரிக்க வேண்டும். இந்த வயசில் விருந்தாளியாவது எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, உரிந்துபோன அவர் கையை முன்னால் நிறுத்திக்கொண்டேன். வெளியே பார்த்தால் புருஷன் மேல் அக்கறை. தட்டிப் பார்த்தால் வேறு சத்தம்.

‘சரி, எனக்கு இஷ்டமில்லன்னே வச்சுக்கங்க. உங்களுக்கு மட்டும் இருக்கா?’ என்றேன்.

‘இல்ல’ என்றார். அப்புறம், ‘அன்னைக்கு... உன்னால... தூக்க முடியல. நீ... விழுந்தா... என்னால...’ என்று நிறுத்தினார். அந்த வாக்கியம் முடியவில்லை. அவர் திரும்பி, காலை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பக்கம் நான் தோசைத் திருப்பியோடு நின்றேன். அந்தக் குளியலறையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அவரைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் என்னைப் பற்றிப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். சுவரில் ஒரு தட்டு தட்டினேன். நிறுத்துங்க, இறங்கிடலாம், போக வேண்டாம் என்று அர்த்தம். புதுப் பூச்சில் சத்தம் கணீரென்று போயிற்று. முருகையன் வேலை நன்றாகத்தான் செய்திருக்கிறார், பிடி எல்லாம் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுபடி ஒரு தட்டு தட்டினேன். அதற்குப் பிறகு வந்தது, மெதுவாக, தெளிவாக. இரண்டு தட்டு.

கண்டக்டர் ரைட் கொடுத்த பிறகு வண்டி நிற்க முடியாது. வருகிறோம். எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் வருகிறோம். இதை மாற்றிச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு வரவில்லை. அங்கே சில நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். ‘என்னம்மா ஆச்சு’ என்று தினமும் கேட்காதே. சில நாள் உங்கள் காப்பியில் உப்பு இருக்கும். அப்படி இருந்தால் எனக்குத் தேவலையாகிவிட்டது என்று அர்த்தம், கவிதாவிடம் முன்கூட்டியே சொல்லி வை.

டிவியைச் சுவரில் மறுபடி மாட்டவில்லை, டிரங்குப் பெட்டி மேல் நிற்கிறது. எங்களை அழைத்துப் போக வரும்போது அதையும் எடுத்துக்கொள், அப்பாவுக்கு அந்த மீன்கள் வேண்டும். உன் மிஷினால்தான் சுவர் விழுந்தது என்பதையும் இப்போது பூசாமல் சொல்லிவிட்டேன். அதற்காக நீ உட்கார்ந்து வருத்தப்படாதே, ஆசையாகத்தான் செய்தாய். ஆனால் அடுத்த தடவை அம்மா ஒரு சுவரைப் பற்றி ஏதாவது சொன்னால், மிஷினை நிறுத்திவிட்டுக் கேள்.

ஒரே ஒரு வேலை இருக்கிறது, நாங்கள் வருவதற்குள் செய்து வை. உன் ஹாலுக்கும் நீ கம்ப்யூட்டர் வைத்திருக்கிற சின்ன அறைக்கும் நடுவில் பிளைவுட்டில் ஒரு தடுப்பு இருக்கிறதல்லவா, அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிட்டுச் சுவர் கட்டப் போகிறேன் என்றாயே. அதை எடுக்காதே. அப்பாவின் கட்டிலை ஹால் பக்கம் அந்தப் பலகையை ஒட்டிப் போடு. அந்தப் பக்கம் நான் இருந்துகொள்கிறேன். போனவுடன் நானே தட்டிப் பார்ப்பேன், கேட்கிறதா என்று.

என்னால் எப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. கோயிலுக்குப் போவேன், தூங்கிப்போவேன், ஒருநாள் இல்லாமலும் போவேன். அப்போது நீ காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதே. இரண்டு தட்டு கேட்டால் உன் வேலையைப் பார். ஒரு தட்டு கேட்டால், எந்த மீட்டிங்கில் இருந்தாலும் சரி, முதலில் அந்தப் பலகையில் திருப்பி ஒரு தட்டு தட்டு. அப்புறம் எழுந்து போ. மெதுவாகக்கூடப் போகலாம், அவர் காத்திருப்பார். ஆனால் அந்தப் பதில் கேட்கிற வரைக்கும் அவர் தட்டுவதை நிறுத்த மாட்டார்.

அம்மா